இரண்டாவது கண் ஏன் இருண்டது?

1812-ஆம் ஆண்டு. பாரிஸ் நகருக்குக் கிழக்கே கூவ்ரே என்று ஒரு சிற்றூர். அவ்வூரில் குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைத்து வாழ்ந்த ஒருவரின் பட்டறையில், அவருடைய மூன்று வயது மகன் விளையாடிக்கொண்டிருந்தான். தந்தை தோலில் துளையிடுவதைப் பார்த்திருந்த அவன், தானும் கூரிய கருவி ஒன்றை எடுத்துத் தோல் துண்டைக் குத்திப் பார்த்தான். கருவி வழுக்கியது. அவன் கண்ணிலேயே பாய்ந்துவிட்டது.

அடிபட்டது ஒரு கண்ணில்தான். மற்றொரு கண்ணைக் கருவி தொடவே இல்லை. ஆயினும் நாளடைவில் அந்தக் கண்ணும் நோயுற்று மங்கியது. ஐந்து வயதிற்குள் அச்சிறுவன் இரு கண்களிலும் பார்வையை முற்றிலும் இழந்துவிட்டான். அவன் யார் தெரியுமா? பின்னாளில் ஆறு புள்ளிகளைக் கொண்டு, பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் எழுத்து முறையை உருவாக்கிய லூயி பிரெயில்தான் அவன்.

பிரெயிலின் கதையை நீங்கள் பாடநூலில் படித்திருக்கலாம். ஆனால் அதற்குள் மறைந்திருக்கும் ஓர் அறிவியல் கேள்வியைக் கவனித்தீர்களா? அடிபட்ட கண் கெட்டது சரி. அடிபடாத கண் ஏன் கெட்டது? இக்கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டால், கண்ணைக் காக்க வேண்டிய உடலே கண்ணைக் கெடுக்கும் ஒரு விந்தையான நோயைச் சந்திப்போம். அந்நோயிலிருந்து விழித்திரையை மருத்துவர்கள் எப்படி மீட்கிறார்கள் என்பதையும் காண்போம்.

திராட்சைத் தோல்

நம் கண் மூன்று உறைகளால் ஆன ஓர் உருண்டை. வெளியுறை கெட்டியானது. அதன் வெண்மையான பகுதியைத்தான் கண்ணின் வெள்ளை என்கிறோம்; முன்புறம் கண்ணாடி போன்று தெளிவாக இருக்கும் பகுதி கார்னியா. உள்ளுறைதான் விழித்திரை. இவ்விரண்டிற்கும் நடுவே, இரத்தக் குழாய்கள் நிறைந்த கருமையான உறை ஒன்று உண்டு. அதற்கு யூவியா என்று பெயர். இலத்தீன் மொழியில் திராட்சையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வெளியுறையை உரித்துவிட்டுப் பார்த்தால், இந்த நடு உறை காம்பு பறிக்கப்பட்ட கறுப்புத் திராட்சைப் பழம்போலவே தோன்றும். காம்பு இருந்த துளைதான் கண்ணின் பாப்பா.

பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸ், இந்த நடு உறையின் முன்பகுதி. விழித்திரைக்கு அடியில் மெத்தைபோல் விரிந்துள்ள கோராய்டு, அதன் பின்பகுதி. விழித்திரையின் வெளி அடுக்குகளுக்கு உயிர்க்காற்றும் உணவும் கொண்டு சேர்ப்பது கோராய்டில் ஓடும் இரத்தமே. ஆகவே நடு உறைக்கு வரும் கேடு விழித்திரையைத் தொடாமல் போவது அரிது.

இந்த நடு உறையில் அழற்சி உண்டாவதை யூவியைட்டிஸ் என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். முன்பகுதியில் வந்தால் கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சத்தைக் கண்டால் கூசும். பின்பகுதியில் வந்தால் பெரும்பாலும் வலியே இராது. கண் சிவப்பதும் இல்லை. பார்வை மட்டும் மங்கும். கண்முன் கொசு பறப்பது போன்ற நிழல்கள் மிதக்கும். வலிக்கும் நோயைவிட வலிக்காத நோய் ஏமாற்றுவது அதிகம் அல்லவா?

காவலரே கேடு செய்தால்

அழற்சி என்பது என்ன? காலில் முள் தைத்த இடத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். முள்ளோடு நுழைந்த கிருமிகளை எதிர்க்க உடல் எடுக்கும் நடவடிக்கை இது. அவ்விடத்து இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவர்களில் இடைவெளி ஏற்படுகிறது. அதன் வழியே நீரும் வெள்ளணுக்களும் வெளியேறிக் காயத்தைச் சூழ்கின்றன. போர் முடிந்ததும் வீக்கம் வடிகிறது. சிறு தழும்பு மிஞ்சுகிறது. காலில் ஒரு தழும்பு இருந்தால் நடப்பதற்குத் தடையில்லை. கண்ணுக்குள் அதே அளவு தழும்பு விழுந்தால்? பார்வையின் நடுவில் என்றும் நீங்காத ஒரு கரும்புள்ளி!

இதனால்தானோ என்னவோ, கண்ணுக்குள் இத்தகைய போர் எளிதில் மூளாதபடி இயற்கை ஏற்பாடு செய்திருக்கிறது. விழித்திரையின் இரத்தக் குழாய்களின் சுவர்களில் உயிரணுக்கள் மிக நெருக்கமாகப் பிணைந்துள்ளன. வெள்ளணுக்களும் பெரிய புரதங்களும் அதைக் கடந்து வருவது கடினம். கண்ணுக்குள் உள்ள திரவத்திலேயே போரை அடக்கும் பொருள்கள் கலந்துள்ளன. ஆகவே, விழித்திரையிலும் அதன் அண்டையிலும் உள்ள சில புரதங்களை நம் நோய் எதிர்ப்புப் படை வாழ்நாளில் நேருக்கு நேர் சந்திக்காமலே இருந்துவிடலாம்.

கூரிய பொருள் கண்ணைக் கிழித்துவிட்டால் நிலைமை மாறுகிறது. உள்ளே ஒளிந்திருந்த புரதங்கள் வெளியே கசிகின்றன. எதிர்ப்புப் படை அவற்றை முதன்முறையாகக் காண்கிறது. இவை நம்முடையவை என்று அதற்குத் தெரியாது. பகைவர் என்றே எண்ணிவிடுகிறது. அவற்றை அடையாளம் கண்டு தாக்கும் வெள்ளணுக்கள் பெருகி, இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்கின்றன. அதே புரதங்கள் இருக்கும் வேறோர் இடம் எது? அடிபடாத கண்! பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அந்தக் கண்ணிலும் அழற்சி தொடங்கிவிடுகிறது.

இந்நோயைக் கிளாஸ்கோ நகரின் கண் மருத்துவர் வில்லியம் மெக்கன்சி 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விரிவாக விவரித்தார். ஒரு கண்ணுக்காக மற்றொரு கண் இரங்கி நோயுறுவது போல் இருப்பதால், பரிவுக் கண்ணழற்சி என்ற பொருள்படும் பெயர் இதற்கு வழங்குகிறது. லூயி பிரெயிலின் இரண்டாவது கண்ணை இருளச் செய்தது இதுவாகவே இருக்க வேண்டும் என்று இன்றைய கண் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள்.

பரிவுக் கண்ணழற்சி அரிய நோய்தான். ஆனால் யூவியைட்டிஸ் என்னும் பெருங்குடும்பத்தில் இது ஓர் உறுப்பினர் மட்டுமே. வேறு பல காரணங்களாலும் அழற்சி வருகிறது. குழந்தைகளின் மூட்டுவாதத்தோடு சேர்ந்து வருவது உண்டு. காசநோய், மேகநோய், ஹெர்பிஸ் வைரசு, பூனையின் கழிவு வழியாகவும் சரியாக வேகாத இறைச்சி வழியாகவும் பரவும் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி ஆகியவற்றால் வருவதும் உண்டு. எவ்வளவு தேடினாலும் காரணம் புலப்படாதவையும் நிறைய உள்ளன.

விழித்திரைக்கு நேர்வது என்ன?

விழித்திரையின் தடிப்பு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். அந்த மெல்லிய ஏட்டில் சுமார் 12 கோடி கோல் உயிரணுக்களும் 60 லட்சம் கூம்பு உயிரணுக்களும் அடுக்கப்பட்டுள்ளன. நடுவில் மாக்குலா என்னும் சிறு வட்டம். எழுத்தைப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும் இந்த வட்டத்தின் வேலை.

அழற்சி இந்த ஏட்டைப் பல வழிகளில் கெடுக்கிறது. முதல் வழி, நீர்க்கசிவு. குழாய்ச் சுவர்களின் பிணைப்புத் தளர்ந்ததும் இரத்தத்தின் நீர்ப்பகுதி மாக்குலாவுக்குள் கசிந்து, சிறு சிறு பைகளாகத் தேங்குகிறது. நனைந்த காகிதம் உப்புவதுபோல மாக்குலா உப்புகிறது. நேர்கோடு வளைந்து தெரிகிறது, எழுத்துகள் கலங்குகின்றன. யூவியைட்டிஸ் நோயாளிகள் பார்வை குன்றுவதற்கு முக்கியமான காரணம் இந்த வீக்கமே.

இரண்டாவது வழி, குழாய் அடைப்பு. விழித்திரையின் சிறு இரத்தக் குழாய்களே அழற்சியால் அடைபட்டுப் போனால், அவை ஊட்டிய பகுதி பட்டினியால் வாடுகிறது. அந்தப் பஞ்சத்தைத் தீர்க்கப் புதிய குழாய்கள் முளைக்கின்றன. ஆனால் அவை வலுவற்றவை. உடைந்து கண்ணுக்குள் இரத்தத்தைக் கொட்டிவிடக் கூடியவை. மூன்றாவது வழி, தழும்பு. போர் நடந்த இடத்தில் நார்த்திசு உண்டாகிச் சுருங்கும்போது, விழித்திரையைச் சுவரிலிருந்து பிய்த்து இழுத்துவிடவும் கூடும்.

தோல் உரிந்தால் வளர்கிறது. எலும்பு முறிந்தால் கூடுகிறது. ஆனால் மனித விழித்திரையின் நரம்பு உயிரணு ஒன்று இறந்தால் அந்த இடம் வெற்றிடமே. வரிக்குதிரை மீன் என்னும் சிறு மீன், காயமுற்ற தன் விழித்திரையை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் பெற்றது. நமக்கு அந்தப் பேறு இல்லை. எனவே இந்நோய்க்கான சிகிச்சையின் அடிப்படை விதி ஒன்றே: தேங்கிய நீரை வடியச் செய்யலாம், இறந்த உயிரணுவை எழுப்ப இயலாது. வீக்கம் தழும்பாக மாறுவதற்குள் போரை நிறுத்த வேண்டும்.

உள்ளே பார்ப்பது எப்படி?

நிறுத்துவதற்கு முதலில் பார்க்க வேண்டுமே! உயிருள்ள மனிதரின் விழித்திரையைத் தெளிவாகக் காண வழி செய்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியைப் பார்க்கும் கருவியை அவர் 1851-இல் உலகுக்கு அறிவித்தார். அதன் வழித்தோன்றல்களைத்தான் இன்றும் கண் மருத்துவர்களின் கையிலும் தலையிலும் காண்கிறீர்கள்.

அடுத்த முன்னேற்றத்தைச் செய்தவர்கள் மாணவர்கள் என்றால் வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயின்ற ஹெரால்டு நோவோட்னி, டேவிட் ஆல்விஸ் என்னும் இருவர், ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்தைக் கைநரம்பில் ஏற்றினர். நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும் சாயம் அது. சாயம் விழித்திரையின் குழாய்களில் பாயும்போது தொடர்ந்து படம் எடுத்தனர். ஆல்விசின் கண்ணே முதல் சோதனைக் களம்! கண் மருத்துவ இதழ் ஒன்று ஏற்க மறுத்த அவர்களுடைய கட்டுரை, 1961-இல் இரத்த ஓட்டம் பற்றிய இதழ் ஒன்றில் வெளிவந்தது. இன்று இம்முறை உலகெங்கும் கையாளப்படுகிறது. எந்தக் குழாய் கசிகிறது, எது அடைபட்டது என்பதைப் படம் காட்டிவிடும். மாக்குலாவில் நீர் தேங்கியிருந்தால், படத்தில் அது பூவிதழ்கள் விரிந்ததுபோலத் தோன்றும்.

1991-இல் வேறொரு கருவி வந்தது. ஒலியின் எதிரொலியைக் கொண்டு ஆழம் அளப்பதுபோல, ஒளியின் எதிரொளிப்பைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளை வெட்டாமலே வெட்டுமுகமாகக் காட்டும் ஓ.சி.டி. என்னும் கருவி அது. சாயம் வேண்டாம், ஊசி வேண்டாம், வலியும் இல்லை. மாக்குலா எவ்வளவு உப்பியிருக்கிறது என்று மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் கணக்கில் சொல்லிவிடும். மருந்து வேலை செய்கிறதா என்பதை வாரந்தோறும் எண்ணால் அறியலாம்.

யார் குற்றவாளி?

அழற்சி இருப்பது தெரிந்தாயிற்று. உடனே அதை அடக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாமா? கூடாது. முதலில் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: எதிர்ப்புப் படை வீணாகப் போரிடுகிறதா, அல்லது உண்மையிலேயே உள்ளே கிருமி இருக்கிறதா? கிருமி இருக்கும்போது படையை மட்டும் அடக்கினால், திருடன் புகுந்த வீட்டில் காவலரைக் கட்டிப்போட்டது போலாகும். ஹெர்பிஸ் குடும்பத்து வைரசுகள் விழித்திரையைச் சில நாட்களிலேயே அரித்துவிடக் கூடியவை. அங்கே முதலில் வேண்டியது வைரசை எதிர்க்கும் மருந்து. காசநோய்க் கிருமி காரணமானால் காசநோய் மருந்துகளை மாதக்கணக்கில் உட்கொள்ள வேண்டும்.

குற்றவாளியைத் தேடுவதில் நம் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. 1993-ஆம் ஆண்டின் இறுதியில் தென் தமிழகத்தில் பெருமழை கொட்டி வெள்ளம் பெருகியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு யூவியைட்டிஸ் நோயாளிகள் வழக்கத்தைவிட மிகுதியாக வரத் தொடங்கினார்கள். ஏன் இந்த ஏற்றம்? டாக்டர் எஸ். ஆர். ரத்தினமும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். எலி, மாடு முதலியவற்றின் சிறுநீரில் வெளிவந்து, வெள்ளநீர் வழியாக மனிதரின் உடலில் நுழையும் லெப்டோஸ்பைரா என்னும் திருகுசுருள் வடிவக் கிருமியின்மீது ஐயம் எழுந்தது. நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தனர். கண்ணின் முன்னறையிலுள்ள திரவத்தில் ஒரு துளி எடுத்துக் கிருமியின் டி.என்.ஏ. இருக்கிறதா என்றும் பார்த்தனர். ஐயம் உறுதியாயிற்று. 73 நோயாளிகளைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1997-இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வெளிவந்து, உலகின் கவனத்தை ஈர்த்தது.

ஒரு வெள்ளத்திற்கும் கண்ணின் மங்கலுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று யார் நினைத்திருப்பார்? அதனால்தான் கண் மருத்துவர், "மூட்டு வலி உண்டா? நாட்பட்ட இருமல் உண்டா? வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா? தேங்கிய நீரில் நடந்தீர்களா?" என்று கண்ணுக்குத் தொடர்பில்லாதவை போலத் தோன்றும் கேள்விகளை அடுக்குகிறார். ஒவ்வொரு கேள்வியும் ஒரு துப்பு.

காய்ச்சலே மருந்தாக இருந்த காலம்

கிருமி இல்லை, அல்லது அதற்குத் தக்க மருந்து தொடங்கியாயிற்று என்றால், அடுத்த வேலை அழற்சியை அடக்குவது. இன்றைய மருந்துகள் இல்லாத காலத்தில் மருத்துவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டைபாய்டு தடுப்பு மருந்தை நோயாளியின் இரத்தக் குழாயில் செலுத்திக் கடுங்காய்ச்சலை வரவழைத்தார்கள்! காய்ச்சலில் துடித்த சிலருக்குக் கண் அழற்சி சற்றுத் தணிந்தது. அந்தக் கடும் நெருக்கடியில் உடல் தானே சுரந்த ஒரு பொருளே காரணமாக இருந்திருக்கலாம் என்று பின்னர் கருதினார்கள்.

அந்தப் பொருளின் உறவினரை 1948 செப்டம்பரில் மருத்துவ உலகம் கண்டது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்பவர், மூட்டுவாதத்தால் நடக்க இயலாதிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்னும் பொருளை ஊசி வழியே செலுத்தினார். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார்! சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பியிலிருந்து பிரித்தறியப்பட்ட பொருள் அது. ஹென்ச்சும், அவ்வகைப் பொருள்களைப் பிரித்து ஆராய்ந்த கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகியோரும் 1950-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதே காலத்தில் கண் மருத்துவர்களும் கார்ட்டிசோனைக் கையில் எடுத்தார்கள். கண் அழற்சியின் வரலாறே மாறியது.

இவ்வகை மருந்துகளையே ஸ்டீராய்டு என்கிறோம். இவை உயிரணுவின் உட்கருவரை சென்று, போரைத் தூண்டும் பொருள்களை உண்டாக்கும் ஜீன்களை அடங்கச் செய்கின்றன. கசியும் குழாய்ச் சுவர்களையும் இறுக்குகின்றன.

மருந்தைச் சேர்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கண்ணின் முன்பகுதி அழற்சிக்குச் சொட்டு மருந்து போதும். ஆனால் சொட்டு மருந்து விழித்திரைவரை போதிய அளவில் சென்று சேர்வதில்லை. ஆகவே மாத்திரையாகக் கொடுக்க வேண்டும். அல்லது கண்ணுக்கு அருகிலோ, கண்ணுக்குள்ளேயோ ஊசி வழியே செலுத்த வேண்டும். கண்ணுக்குள் ஊசியா என்று அஞ்ச வேண்டாம். கண்ணை மரத்துப்போகச் செய்துவிட்டு, வெண்மைப் பகுதியின் வழியே மெல்லிய ஊசியால் சில நொடிகளில் செலுத்திவிடுவார்கள். மாக்குலா வீக்கத்திற்குக் கண்ணருகே போடுவதைவிடக் கண்ணுக்குள் போடுவதே நன்கு பலனளிப்பதாக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு காட்டியுள்ளது.

டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டை அடக்கிய ஒரு சிறு குச்சியும் இப்போது உண்டு. நீளம் 6 மில்லிமீட்டர். தடிப்பு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைக் கண்ணுக்குள் செலுத்திவிட்டால், கரைந்துகொண்டே சில மாதங்களுக்கு மருந்தைச் சிறுகச் சிறுக வெளியிடும். கடைசியில் குச்சியும் கரைந்து மறைந்துவிடும். யூவியைட்டிசுக்காக அமெரிக்காவில் 2010-இல் இதற்கு அனுமதி கிடைத்தது.

இருபுறமும் கூரான கத்தி

ஸ்டீராய்டு அருமருந்துதான், ஆனால் இருபுறமும் கூரானது. நீண்ட நாள் பயன்படுத்தினால் கண்ணின் லென்சு வெளுத்துக் கண்புரை வரலாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கலாம். மாத்திரையாக நெடுநாள் உட்கொண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், பிள்ளைகளின் வளர்ச்சி குன்றும். ஆண்டுக்கணக்கில் தொடரும் அழற்சிக்கு என்ன செய்வது?

இங்கேதான் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1895-இல் பீமாவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ்தான் அவர். அமெரிக்கா சென்று, லெடர்லே ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தார். ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினைப் போலவே தோற்றமளித்து, உயிரணுக்களை ஏமாற்றும் பொருள்களை அவருடைய குழு தயாரித்தது. பெருகுகின்ற உயிரணுவுக்கு ஃபோலிக் அமிலம் தேவை. போலியை உண்ட உயிரணு பெருக முடியாமல் தவிக்கும். இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு இத்தகைய பொருளைக் கொடுத்துத் தற்காலிக நலம் கண்ட செய்தி 1948-இல் வெளிவந்தது. சுப்பாராவ் காலமானதும் அந்த ஆண்டில்தான். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மருந்தே மெதோட்ரெக்சேட்.

புற்றுநோய்க்கு மிகுந்த அளவில் கொடுக்கும் இம்மருந்தை, மிகச் சிறிய அளவில் வாரத்திற்கு ஒரு முறை கொடுத்தால் எதிர்ப்புப் படையின் ஆவேசம் தணிகிறது. மூட்டுவாதத்திற்கும் யூவியைட்டிசுக்கும் இது பயன்படுகிறது. பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். அதுவரை ஸ்டீராய்டு தாங்கிக்கொள்ளும். பிறகு ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்துவிடலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வாரம் ஒரு முறை உண்ண வேண்டியதைத் தவறுதலாக நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் அவ்வப்போது சோதித்துக்கொண்டே கொடுப்பார்கள்.

மெதோட்ரெக்சேட் விலை குறைவு. மைகோபினோலேட் என்னும் புதிய மருந்து அதைவிட விலை மிகுந்தது. எது சிறந்தது? இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சவுதி அரேபியா, மெக்சிகோ ஆகிய ஐந்து நாடுகளில் 216 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்தார்கள். மருத்துவரின் விருப்பு வெறுப்பு முடிவைப் பாதிக்கக் கூடாது அல்லவா? 2019-இல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதங்களில் மெதோட்ரெக்சேட் உண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 67 பேருக்கும், மைகோபினோலேட் உண்டவர்களில் 57 பேருக்கும் அழற்சி அடங்கியது. இந்த வேறுபாட்டைக் கொண்டு ஒன்றை வென்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விலை கூடிய மருந்தே சிறந்த மருந்து என்று சொல்லவும் இயலாது என்பது தெளிவாயிற்று. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், வெள்ளத்தின் பின் லெப்டோஸ்பைராவைத் தேடிய அதே மதுரை மருத்துவர் ரத்தினம்தான்.

இவற்றுக்கும் அடங்காத அழற்சிக்கு அடலிமுமாப் போன்ற மருந்துகள் வந்துள்ளன. போரைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் ஒரே ஒரு செய்திப் பொருளை மட்டும் குறிவைத்துப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் இது. 2016-இல் இதை யூவியைட்டிசுக்குப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆனால் நம் உடலில் உறங்கும் காசநோய்க் கிருமியை எதிர்ப்புப் படைதான் சிறை வைத்திருக்கிறது, அதில் டி.என்.எஃப்-க்கு முக்கியப் பங்கு உண்டு. ஆகவே காசநோய்ச் சோதனை செய்யாமல் இம்மருந்தைத் தொடங்குவதில்லை.

விழித்திரை பிய்ந்துவிட்டாலோ, தழும்புச் சவ்வு இழுத்தாலோ, கண்ணை நிரப்பியுள்ள கூழ்ப்பொருளை நுண்கருவிகளால் அகற்றி விழித்திரையை மீண்டும் பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு. வலுவற்ற புதுக் குழாய்கள் முளைத்தால், பட்டினியால் வாடும் பகுதியை லேசர் கதிரால் சுட்டு அவற்றை வாடச் செய்யலாம். இவை இருப்பதைக் காக்கும்; போனதை முழுவதும் மீட்பதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

மருந்துகள் எவ்வளவு முன்னேறினாலும், நோயாளி எத்தனை சீக்கிரம் மருத்துவரிடம் வருகிறார் என்பதே பார்வையின் கதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே இவற்றை மனத்தில் கொள்ளுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

கண் சிவந்து, வலியும் வெளிச்சத்தில் கூச்சமும் பார்வை மங்கலும் இருந்தால், அதை 'மெட்ராஸ் ஐ' என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். சாதாரணக் கண் நோயில் பீளை தள்ளும், உறுத்தும். பார்வை அவ்வளவாகக் குறைவதில்லை. மிதக்கும் நிழல்கள் திடீரெனப் பெருகினாலோ, நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, வலி இல்லாவிட்டாலும் உடனே கண் மருத்துவரைக் காண வேண்டும். அவ்வப்போது ஒரு கண்ணைப் பொத்தி மற்றதால் பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள். இரு கண்ணாலும் பார்க்கையில், நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும்.

நாட்பட்ட மூட்டுவாதம் உள்ள குழந்தையின் கண் சிவக்காமல், வலிக்காமல், உள்ளேயே அழற்சி இருக்கக்கூடும். அக்குழந்தை குறை சொல்லாவிட்டாலும், மருத்துவர் குறித்த கால இடைவெளியில் கண்ணைச் சோதிப்பது கட்டாயம்.

கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை ஒருபோதும் விடாதீர்கள். சிவப்பு மறையும், உள்ளே கிருமி வளரும். மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டையோ, சிவப்பு போயிற்றே என்று திடீரென நிறுத்தக் கூடாது. அடங்கிய போர் மீண்டும் மூளும். பல நாட்கள் மாத்திரை உண்டவரின் அட்ரீனல் சுரப்பி சோம்பிப் போயிருக்கும். அது மீண்டும் விழிக்க அவகாசம் வேண்டும். அளவைப் படிப்படியாகக் குறைப்பதற்குக் காரணம் இதுவே.

கூர்மையான பொருள் கண்ணில் பட்டுக் கிழித்துவிட்டால் தேய்க்கவோ, கழுவவோ, பொருளைப் பிடுங்கவோ கூடாது. அழுத்தாமல் மூடி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். காலத்தோடு தையலிட்டு மூடினால் அந்தக் கண்ணையே காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அதன் பிறகு பல மாதங்கள் இரு கண்களையும் மருத்துவர் பார்த்து வர வேண்டும். மற்றொரு கண்ணில் அழற்சி தலைகாட்டினால் அன்றே ஸ்டீராய்டு தொடங்கிவிடலாம். அடிபட்ட கண்ணைப் பற்றி எல்லாரும் கவலைப்படுவார்கள். அடிபடாத கண்ணைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்க இனி உங்களுக்குத் தெரியும்.